புறங்கை எண்ணெய்

மகள் ஹரிதாவின் சனிக்கிழமை யூனிபார்மில், காலருக்குப் பின்பக்கம், பிடரி படுகிற இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மஞ்சள் கறை இருந்தது. கொடியில் போடுவதற்காக உதறியபோதுதான் தாட்சாயணி அதைப் பார்த்தாள். இப்போதுதான் மெஷினிலிருந்து எடுத்த துணி. சோப்புத்தூள் வாசம்கூடப் போகவில்லை. விரலால் தொட்டாள். சுற்றிலும் துணி நனைந்திருக்க, அந்த இடம் மட்டும் தண்ணீரைச் சேர்த்துக்கொள்ளாமல் வழவழத்தது.

எண்ணெய்.

குனிந்து மெஷினுக்கு அடியில் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. குனிய முடியவில்லை. ரேணிகுண்டா பக்கத்து செல்போன் கம்பெனியில் காலை ஆறு மணி ஷிப்ட். எட்டு மணி நேரம் நின்ற இடத்தில் நின்று திருகாணி போட்டுவிட்டு, கம்பெனி பஸ்ஸில் வடமாலபேட்டையில் இறங்கி, ரோட்டோரமாகவே நடந்து வீடு சேர்வதற்குள் முழங்காலுக்குக் கீழே இருப்பது அவளுடைய கால்களாக இருப்பதில்லை. சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தாள். சமையலறைக்குப் பின்னால், தகரம் போட்ட சார்ப்பில், சுவரோரமாக நின்றது மெஷின். கல்யாணமான நாலாவது வருஷம் அவள் புருஷன் உமாபதி திருப்பதியிலிருந்து தன் வேனிலேயே ஏற்றிக்கொண்டு வந்தது. மேல்மூடியின் ஒரு மூலை உடைந்திருந்தது. அடியில், சிமெண்ட் தரையில், உள்ளங்கை அளவுக்கு எண்ணெய் தேங்கியிருந்தது. அதில் தகரத்தின் ஓட்டை வழியாக வந்த வெயில் ஒரு புள்ளியாக அசையாமல் கிடந்தது.

கறைக்கு முகப்பவுடர் தூவி, பாத்திரம் தேய்க்கிற சோப்பு போட்டுக் கசக்கினாள். மெஷினுக்கு அடியில் பழைய தெலுங்குப் பேப்பரை நாலாக மடித்துச் செருகினாள். வேறு என்ன செய்ய முடியும்? புது மெஷினைப் பற்றி நினைக்கிற தெம்புகூட அன்று இல்லை.

மறுநாள் பேப்பரை இழுத்தபோது அது கண்ணாடிபோல் ஆகியிருந்தது. ஒரு பக்கத்து எழுத்து மறுபக்கத்தில் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒரு பிளாஸ்டிக் பேசினை வைத்தாள். மெஷின் ஓடாத நேரத்திலும் அதில் சொட்டு விழும் சத்தம் கேட்டது. சமைக்கும்போது, சாப்பிடும்போது, படுத்தபின். தண்ணீர் சொட்டுவது போலக் கணீரென்று இல்லை. கனமான, சோம்பலான சத்தம். விழுந்தபிறகும் கொஞ்சநேரம் விழுந்துகொண்டே இருப்பது போல.

இரண்டு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புத்தூரிலிருந்து ஸ்ரீஹரி வந்தான். வாஷிங் மெஷின், பிரிட்ஜ் எல்லாம் பார்க்கிறவன். உமாபதி இருந்த காலத்திலிருந்தே தெரியும். பேசினைப் பார்த்ததும் சிரித்தான்.

"இன்னாக்கா, மெஷினுக்கு எண்ணெ தேச்சிக் குளிக்க வெச்சீங்களா? தீபாவளிக்கு இன்னும் நாள் கெடக்குதே."

"சிரிக்காம பாருப்பா. கொழந்த துணியெல்லாம் வீணாப் போவுது."

"பழைய மெஷினுங்களுக்கு வர்றதுதான்க்கா. அடியில கியர்பாக்ஸ் இருக்குது. அதுல சீல் தேஞ்சிட்டா ஆயில் கசியும். கீழயும் சொட்டும், மேல ஏறித் துணியிலயும் படும். இதுக்குப்போயி பயந்துக்கினு!"

மெஷினைச் சாக்கின்மேல் சாய்த்துப் படுக்க வைத்தான். கயிற்றுக் கட்டிலில் நோயாளியைத் திருப்பிப் போடுவது போல இருந்தது அவளுக்கு. ஒவ்வொரு நட்டாகக் கழற்றி, கியர்பாக்ஸைத் திறந்து, விரலை உள்ளே விட்டான். விரல் காய்ந்த துருவோடு வெளியே வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தான். மறுபடியும் விரலை விட்டான்.

"உள்ள சொட்டு ஆயில் இல்லக்கா. எப்பவோ காஞ்சிருக்குது. இது எப்படி ஓடிக்கினு இருக்குதுன்னே தெரியல."

"அப்போ இது?"

பேசினில் விரலை நனைத்து மூக்கருகே கொண்டுபோனான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு போகவில்லை. ஆனால் அங்கேயே நின்றுவிட்டது.

"மெஷின் ஆயில்னா கறுப்பா, தீஞ்ச வாசன அடிக்கும். இது நல்லெண்ணெ மாதிரி இருக்குதுக்கா. சீயக்கா வாசனகூட வருது."

அதற்குப்பிறகு அவன் வேடிக்கை பேசவில்லை. புது சீலைப் போட்டு, மெஷினை நிமிர்த்தி வைத்தான். குழாயடியில் சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவினான். காபி வைத்திருந்தாள். "இன்னொரு நாளைக்குக் குடிக்கிறேன்க்கா" என்று செருப்பை மாட்டிக்கொண்டான். வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் ஒருமுறை கையை முகர்ந்து பார்த்துக்கொண்டதை அவள் ஜன்னலிலிருந்து பார்த்தாள்.

அவள் பேசினருகே உட்கார்ந்தாள். முகர்ந்து பார்க்கத் தேவை இருக்கவில்லை. அந்த வாசனை ஐந்து வருஷமாக அவளுக்குத் தெரியும். தெரியாததுபோல் இருப்பதற்குத்தான் பழகியிருந்தாள்.

இரண்டாயிரத்து இருபத்தொன்று, மே மாதம். திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் மூச்சுக்குப் போராடி உமாபதி போனான். சுடுகாட்டில் இருபதடி தள்ளி நிறுத்தினார்கள். உடம்பைச் சுற்றிய வெள்ளை பிளாஸ்டிக்கில் தலையிலும் இடுப்பிலும் காலிலும் கயிறு கட்டியிருந்தது. முகம் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை. குளிப்பாட்டவில்லை. எண்ணெய் சீயக்காய் வைக்கவில்லை. சொந்தபந்தம் எல்லாம் வரிசையில் வந்து, புறங்கையால் எண்ணெயைத் தொட்டு, போனவரின் உச்சந்தலையில் மூன்று தரம் வைத்துவிட்டு நகர்வார்களே, அந்த வரிசையில் நிற்க ஆளும் இல்லை, தலையும் இல்லை. வீட்டுக்கு வந்தபோது தெருமுனையில் கட்டை கட்டி அடைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில் கண்ணாடியும் செல்போனும் ஒரு நீலக் கட்டம் போட்ட சட்டையும் இருந்தன.

பாகாலாவிலிருந்து அவனுடைய அக்கா பிரேமலதா வீடியோவில் அழுதாள். "எந்தம்பி காஞ்ச தலையோட போறானே தாட்சா! தலைதான் இல்ல, சட்டையாவது இருக்குதே. அதுக்கு வையி. அவனா நெனச்சிக்கினு வையி. வெச்சதும் எரிச்சிடு. வெச்ச எண்ணெ திரும்ப ஊட்டுக்குள்ள வரக்கூடாது."

ஏழு வயது ஹரிதா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். தாட்சாயணி பாயில் சட்டையை விரித்தாள். கைகளை நீட்டி, பட்டன்களைப் போட்டு, ஆள் படுத்திருப்பது போல. தலை இல்லாததால் காலரின் பின்பக்கத்தில் புறங்கையால் எண்ணெயும் சீயக்காயும் வைத்தாள். மூன்று தரம். பிறகு தான் ஒருத்தியாகவே எல்லாருக்காகவும் வைத்தாள். அண்ணிக்காக, மாமனுக்காக, வர முடியாத ஒவ்வொருவருக்காகவும்.

எரிக்கவில்லை. வெளியே போக முடியாது என்பது ஒரு காரணம். உண்மையான காரணம் வேறு. சட்டையை எடுத்து முகத்தில் வைத்தபோது எண்ணெயும் சீயக்காயும்தான் மணந்தன; அவன் வியர்வை அந்த வாசனைக்கு அடியில் எங்கோ மாட்டிக்கொண்டிருந்தது. அந்த எண்ணெயை எடுத்துவிட்டால் அவன் கிடைப்பான் என்று தோன்றியது. யோசித்துச் செய்யவில்லை. ஒன்பது நாள் தூங்காத கை தானாகச் செய்தது. மெஷினில் போட்டு, இரண்டு தரம் சோப்புத்தூள் கொட்டி ஓட விட்டாள். எண்ணெயெல்லாம் போய்விட்டது. அவனும் போய்விட்டான். வெறும் சட்டை வந்தது.

"எரிச்சிட்டேன் அண்ணி" என்று போனில் சொன்னாள்.

அந்தச் சட்டை இப்போதும் ஹரிதாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது. "நைனா சட்டை" இல்லாமல் அவள் தூங்கமாட்டாள். வாரம் ஒருமுறை மற்றத் துணிகளோடு அதுவும் மெஷினில் போகும். கறை தொடங்கிய இந்த மூன்று வாரமும் அது மட்டும் புதிது போலச் சுத்தமாக வந்தது.

புது சீல் போட்ட பிறகும் பேசின் நிறைந்தது. தினமும் கொண்டுபோய் ரோட்டோர முள்செடியில் ஊற்றினாள். திரும்பி வருவதற்குள் ஒரு சொட்டு விழுந்திருக்கும். புதன்கிழமை ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பிரேமலதாவுக்குப் போன் செய்தாள். மெஷின் ரிப்பேர் பற்றிச் சொல்வது போலத்தான் ஆரம்பித்தாள். பாதியில் அவளே நிறுத்தி, "அண்ணி, நான் அந்தச் சட்டைய எரிக்கல" என்றாள்.

மறுபக்கத்தில் டீவி ஓடிக்கொண்டிருந்தது. பிரேமலதா அதை நிறுத்தினாள்.

"தொவைச்சியா?"

"ம்."

"மெஷின்லயா?"

"ஆமா."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாழ்ந்த குரலில் பிரேமலதா கேட்டாள்: "கறை யார் துணில வருது தாட்சா? உன்துலயா, பாப்பாவுதுலயா?"

தாட்சாயணி கொடியைப் பார்த்தாள். அவளுடைய புடவைகள், நைட்டி, கம்பெனியின் சாம்பல் கோட்டு. எல்லாம் சுத்தம். ஹரிதாவின் சட்டை, ஹரிதாவின் சுடிதார், ஹரிதாவின் துண்டு. பிடரியில். இரண்டு தோள்களில். காதுக்குக் கீழே வழிந்தது போலக் கோடுகளாக. எழுந்துபோய் ஒரு சட்டையை விரித்துப் பிடித்தாள். பிடரிக் கறை கட்டைவிரல் அகலமாக இல்லை இப்போது. பக்கத்தில் பக்கத்தில் நாலு புள்ளிகள். மடக்கிய கையின் நாலு கணுக்கள்.

தலையில் எண்ணெய் வைத்தால் எங்கெல்லாம் வழியுமோ, அங்கெல்லாம்.

"தாட்சா? கேட்டுக்கினுதானே இருக்கிற? யாருதுல?"

அவள் போனை அணைத்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து ஹரிதாவின் துணிகளை மெஷினில் போடவில்லை. ஷிப்ட் முடிந்து வந்து, கல்லில் போட்டுத் துவைத்தாள். இடுப்பு விட்டுப் போனது. மணிக்கட்டு வீங்கியது. தன் துணிகளை மட்டும் மெஷினில் போட்டு, ஓடி முடியும்வரை பக்கத்திலேயே நின்று, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஒரு புள்ளியாவது இருக்காதா என்று. இல்லை. ஒவ்வொரு நாளும் எல்லாம் வெளுப்பாக, மணமாக, அவளை வேண்டாம் என்பது போல வந்தன.

கல்லில் துவைத்த துணிகளிலும் கறை இல்லை. இரண்டு நாள் நிம்மதியாக இருந்தாள். வழக்கமாக ஹரிதாவே சடை பின்னிக்கொள்வாள்; மூன்றாம் நாள் விடியற்காலையிலேயே எழுந்து படித்துக்கொண்டிருந்தவளை முன்னால் உட்கார வைத்து, சீப்பை உச்சியில் வைத்தாள். சீப்பு வழுக்கியது.

உச்சந்தலை ஊறிப்போயிருந்தது. குளிர்ந்திருந்தது. வகிட்டின் வழியாக ஒரு சொட்டு மெதுவாக இறங்கி நெற்றியில் நின்றது.

"எண்ணெ வெச்சிக்கினியா?"

"நானா? நீதான வெச்ச." ஹரிதா புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "டெய்லி ராத்திரி வெக்கிற. தூங்கும்போது ஏம்மா வெக்கிற? சில்லுனு இருக்குது. கிளாஸ்ல பக்கத்துல உக்கார மாட்டேங்குதுங்க, எண்ணெச் சட்டின்னு சொல்லுதுங்க."

"நான்... எப்படி வெச்சேன்?"

"இப்படி."

ஹரிதா வலது கையை மடக்கித் திருப்பினாள். கணுக்களால் தன் தலையை மூன்று தரம் தொட்டுக் காட்டினாள். அவள் இதுவரை ஒரு சாவுக்கும் போனதில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு போனதே இல்லை.

"ஏம்மா கைய திருப்பி வெக்கிற? வேற மாதிரி வெக்கத் தெரியாதா உனக்கு?"

சடையைப் பின்னி முடித்தாள். ரிப்பன் இரண்டு முறை அவிழ்ந்தது. கம்பெனி பஸ் போய்விட்டது. அன்று லீவு சொன்னாள்.

பள்ளிக்கூடம் முடிந்து ஹரிதா நேராக டியூஷனுக்குப் போவாள். ஏழு மணிக்குத்தான் வருவாள். ஆறு மணிக்கு மேகம் மூட்டிக் காற்று அடிக்கத் தொடங்கியதும் கரண்ட் போனது. தலையணைக்கு அடியிலிருந்து சட்டையை எடுத்து, சார்ப்புக்குக் கொண்டுவந்து, தரையில் விரித்தாள். கைகளை நீட்டி, பட்டன்களைப் போட்டு. ஐந்து வருஷத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டியது. தகரம் காற்றில் எழுந்து எழுந்து விழுந்தது. ரோட்டில் திருப்பதிக்குப் போகிற பஸ்களின் ஹாரன் எங்கோ வேறு ஊரில் கேட்பது போல இருந்தது.

பேசினில் புறங்கையை நனைத்துக் காலரில் வைத்தாள். எண்ணெய் துணியில் ஏறவில்லை. உருண்டது. தரையில் வழிந்து, சிமெண்ட் வெடிப்பைப் பிடித்துக்கொண்டு, மெஷினுக்கு அடியில் திரும்பிப் போனது. மறுபடி வைத்தாள். மறுபடி போனது.

தீக்குச்சியைக் கிழித்தாள். காலரின் நுனியில் பிடித்தாள். அணைந்தது. அடுத்தது. காற்று என்று நினைத்தாள். காற்று அப்போது நின்றிருந்தது. தகரம்கூட அசையவில்லை. பெட்டியில் இருந்த கடைசிக் குச்சிவரை கிழித்தாள். ஒவ்வொன்றும் துணியைத் தொட்டதும், யாரோ பொறுமையாக விரலால் நசுக்கியது போல, புகையில்லாமல் அணைந்தது.

மெஷின் சுற்றத் தொடங்கியது.

கரண்ட் இல்லை. வீட்டுக்குள் பேன் நிற்கிறது. பக்கத்து வீடுகளிலும் இருட்டு. மெஷின் மட்டும் மெதுவாக, படுத்திருப்பவர் புரண்டு படுப்பது போல, இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை. மூடியின் உடைந்த மூலை வழியாக அந்த வாசனை எழுந்து வந்தது. நல்லெண்ணெய். சீயக்காய். அதற்கு அடியில், ஐந்து வருஷமாக அவள் தேடிய வியர்வை.

அழ வேண்டும் போல இருந்தது. அதற்கும் அலுப்பாக இருந்தது.

அவள் எழுந்தாள். மூடியைத் திறந்தாள். உள்ளே இருட்டு, அடியில் எண்ணெயின் மினுமினுப்பு. விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

"பாப்பாவ உட்டுடு" என்றாள். குரல் டிரம்முக்குள் சுற்றித் திரும்பி வந்தது. "தொவைச்சது நானு. எந்தலைல வையி."

மெஷின் நின்றது.

ஒன்றும் நடக்கவில்லை. கழுத்து வலித்தது. ரத்தம் முகத்தில் இறங்கியது. வெளியே மழை பிடித்துக்கொண்டதா? சரசரவென்று ஒரு சத்தம். வாசல் கதவு திறந்த சத்தமும் கேட்டது போல இருந்தது. அவள் நிமிரவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. தன் தலையை இன்னொருவர் தொட்டு எத்தனை வருஷம் இருக்கும் என்று ஒரு நினைப்பு, காரணமில்லாமல், வந்து போனது.

அப்போது கை பட்டது.

உச்சியில். நாலு கணுக்கள். எண்ணெய் மயிரை நனைத்துத் தோலில் இறங்கியது.

சின்னக் கை. சூடான கை.

ஒரு தரம். இரண்டு தரம். மூன்று தரம்.

தாட்சாயணி மெதுவாகத் தலையைத் திருப்பினாள். ஹரிதா நின்றிருந்தாள். முதுகில் புத்தகப் பை. கண்கள் திறந்திருந்தன, ஆனால் பார்க்கவில்லை. திருப்பிய கையிலிருந்து எண்ணெய் சொட்டியது.

மகளின் வகிட்டைத்தான் முதலில் பார்த்தாள். காய்ந்திருந்தது. காலையில் ஊறிக் கிடந்த மயிர் ஒரு பிசுபிசுப்பும் இல்லாமல் பிரிந்து நின்றது. அது போதும். மெஷினைப் பிடித்துக்கொண்டாள்.

"ஹரிதா... உள்ள போம்மா."

"நைனா வரிசைல நிக்கச் சொன்னாரு" என்றாள் ஹரிதா, தூக்கக் குரலில். பிறகு, வைத்து முடித்தவர்கள் நகர்வது போல, அடுத்தவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

மழை இல்லை. தரை காய்ந்திருந்தது. அந்தச் சரசரப்பு சமையலறைக்குள்ளிருந்து வந்தது.

கதவை அடைத்துக்கொண்டு வெள்ளையாக ஒன்று நின்றது. தலையில் கயிறு. இடுப்பில் கயிறு. காலில் கயிறு. முகம் இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் உள்ளே இழுத்தது, வெளியே உப்பியது. இழுத்தது. உப்பியது. கட்டிய கால்களோடு அது ஒரு தவ்வல் தவ்வி முன்னால் வந்தது. இடுப்புக் கயிற்றுக்கு மேலே உறை கிழிந்து, ஒரு கை மட்டும் வெளியே நீண்டிருந்தது.

கை திருப்பியிருந்தது.